மலாக்கா ஆற்றுத்துறையில் தமிழர்

ஜொகூர் மாநிலத்தின் தென்கோடியில், தெப்ராவ் ஆறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்துள்ளது பெர்மாஸ் ஜெயா. அதற்குக் கிழக்கே பாசிர் கூடாங் துறைமுகம் உள்ளது. மேற்கே பூலாய் ஆற்றின் முகத்தில் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் உள்ளது. ஆறும் கடலும் கூடும் இடத்தில் துறை அமைப்பது இந்நாட்டின் பழைய மரபாகும். ஜொகூர், பகாங், பேராக், சிலாங்கூர், கிளந்தான், திரங்கானு ஆகிய மாநிலப் பெயர்கள் யாவும் ஆற்றின் பெயர்களாகவும் வழங்குவதை எண்ணுக. ஊர்ப்பெயர்களின் முன்னே நிற்கும் ‘கோலா’ என்ற சொல்லும் ஆற்றுமுகத்தையே குறிக்கும்.

இத்தகைய ஆற்றுமுக நகரங்களுள் தலைசிறந்து விளங்கியது மலாக்கா. ஜொகூர் அரசு மலாக்கா அரசின் வழித்தோன்றல் ஆதலால், மலாக்காவை ஜொகூரின் தாய்நகரம் எனல் பொருந்தும். அத்தாய்நகரின் துறையில் தமிழர் பெற்ற இடம் பெரிது. இழந்த பொருளும் பெரிது. அவ்விரண்டையும் ஒருங்கே அறிதல் தமிழ் பயிற்றுவோர்க்கும் பயில்வோர்க்கும் பயன் தருவதாகும்.

ஆறும் காற்றும்

மலாக்கா ஆறு காவிரியைப் போலவோ கங்கையைப் போலவோ பேராறு அன்று, சிற்றாறே. அதன் கரையில் நெல் விளையும் பரந்த சமவெளியும் இல்லை. நகரத்தார் உண்ணும் அரிசி சாவகத்திலிருந்தும் சயாமிலிருந்தும் பெகுவிலிருந்தும் கப்பலில் வந்தது. அவ்வாறாயின் இவ்வூர் எவ்வாறு உலகப் புகழ் பெற்றது?

விடை காற்றில் இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் சீனக் கலங்கள் தெற்கே இறங்கி வரும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்த பின்னரே அவை திரும்ப முடியும். இந்தியாவை நோக்கி மேற்கே செல்ல வேண்டிய கலங்களுக்கோ வடகிழக்குக் காற்றே துணை. ஆகவே கிழக்கு மாலுமியும் மேற்கு மாலுமியும் தத்தம் காற்றுக்காகக் காத்திருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. குறுகிய நீரிணையின் ஓரத்தில், சுமத்திராத் தீவின் மறைவில், கடும்புயலுக்கு ஒதுங்கி நின்ற மலாக்கா அவ்விடமாயிற்று. காத்திருக்கும் மாதங்களில் வணிகர் பண்டம் மாற்றினர், கிடங்கு எடுத்தனர், சிலர் மணம் புரிந்து மனையறமும் தொடங்கினர்.

பாலெம்பாங்கிலிருந்து வந்த பரமேசுவரன் என்னும் இளவரசன், துமாசிக் எனப்பட்ட சிங்கப்பூரை விட்டு நீங்கி, 1400ஆம் ஆண்டளவில் இத்துறையில் தன் அரசை நிறுவினான். 1411இல் அவன் சீனப் பேரரசரை நேரிற் கண்டு அவருடைய ஆதரவைப் பெற்றான். செங் ஹோ என்ற கடற்படைத் தலைவரோடு வந்த மா ஹுவான் என்பவர், மலாக்கா ஆற்றின்மேல் அரசன் ஒரு மரப்பாலம் அமைத்திருந்ததையும், அப்பாலத்தின்மேல் இருபது கடைகள் அளவில் கூரையிட்டு வாணிகம் நடந்ததையும் எழுதி வைத்துள்ளார். இரு கரையையும் இணைத்த அப்பாலமே சந்தையாகவும் இருந்தது.

நான்கு துறைத்தலைவர்

1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய மறு ஆண்டு, தோமே பிரேஸ் என்னும் மருந்து வணிகர் அங்கு வந்து தங்கினார். தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் ‘சுமா ஓரியந்தல்’ என்ற நூலாக எழுதினார். மலாக்காத் துறையில் 84 மொழிகள் பேசப்பட்டன என்பது அவர் தரும் கணக்கு. அரபியர், பாரசீகர், குசராத்தியர், வங்காளியர், பெகுவர், சயாமியர், சீனர், சாவகர், லூசோன் தீவினர் என அவர் எழுதும் பட்டியல் மிக நீண்டது. அதில் ‘கிளிங்’ எனக் குறிக்கப்பட்டோர் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் வணிகர் ஆவர். கலிங்கம் என்ற நாட்டுப்பெயரின் திரிபாகிய அச்சொல், அந்நாளில் இழிவுப் பொருள் ஏற்றிருக்கவில்லை.

இத்தனை மொழியினரையும் ஓர் ஊரில் வைத்து ஆள்வது எளிதன்று. மலாக்கா சுல்தான்கள் அதற்கு ஒரு வழி கண்டனர். ‘ஷாபந்தர்’ என்ற துறைத்தலைவர் நால்வரை அவர்கள் அமர்த்தினர். குசராத்தியர்க்கு ஒருவர்; தமிழர், வங்காளியர், பெகுவர், பாசாய் நாட்டார் ஆகியோர்க்கு ஒருவர்; சாவகம், மொலுக்காத் தீவுகள், பாண்டா, பாலெம்பாங், போர்னியோ முதலிய கீழைத் தீவினர்க்கு ஒருவர்; சீனர், சம்பாவினர், ரியூக்யூத் தீவினர் ஆகியோர்க்கு ஒருவர். கப்பல் வந்தவுடன் வணிகன் தன் துறைத்தலைவரை நாடுவான். அவரே அவனுக்குக் கிடங்கு ஒதுக்குவார்; அமைச்சரிடம் அழைத்துச் செல்வார்; அவன் வழக்கையும் கேட்பார். அயலூரில் இறங்கியவனுக்குத் தன் நிலையறிந்த ஒருவர் முன்னிற்பதைவிட வேறு என்ன ஆறுதல் வேண்டும்?

சுங்கமும் வரையறுக்கப்பட்டிருந்தது. மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு 6 பங்கு. மனைவி மக்களோடு மலாக்காவில் குடியேறியவர்க்கு நூற்றுக்கு 3 பங்கு. கிழக்கிலிருந்து வந்தோர் சுங்கம் செலுத்தவில்லை. அதற்கு மாறாக அரசனுக்கும் அதிகாரிகளுக்கும் காணிக்கை தந்தனர்.

சரக்கை மதிப்பிடும் முறை இதனினும் நோக்கத் தக்கது. வணிகர் பதின்மர் கூடி ஒரு கப்பற் சரக்கு முழுவதற்கும் விலை மதித்தனர். அப்பதின்மருள் ஐவர் தமிழர். எஞ்சிய ஐவர் பிற நாட்டார். மதித்த விலைப்படி சரக்கை ஒருங்கே வாங்கித் தம் முதலுக்கு ஏற்பப் பங்கிட்டுக் கொண்டனர். காற்று மாறுவதற்குள் திரும்ப வேண்டிய கப்பல் தலைவனுக்கு விரைவில் விற்பனை முடிந்தது; ஊர் வணிகர்க்குத் தம்முள் போட்டி தவிர்ந்தது. உலகத்தின் பாதிச் சரக்கு இறங்கிய துறையில், விலை மதிக்கும் அவையில் தமிழர் சரிபாதி இடம் பெற்றிருந்தனர் என்பது சிறிய செய்தி அன்று. அவர்கள் அளவையும் கணக்கையும் ஊரார் நம்பினர் என்பதற்கு அதுவே சான்று.

கடற்பயணத்திற்கும் சட்டம் வகுக்கப்பட்டிருந்தது. சுல்தான் மகமூது ஷாவின் காலத்தில் தொகுக்கப்பட்ட மலாக்காக் கடற்சட்டம், நாகோடா எனப்பட்ட கப்பல் தலைவனுக்குக் கடலில் அரசனை ஒத்த அதிகாரம் வழங்கியது. துறை சேர்ந்ததும் முதலில் அவன் விற்க வேண்டும். பின்னர் உடன்வந்த வணிகர். அதன் பின்னரே பணியாளர். அச்சட்டம் அத்துணை நுணுக்கமாக முறை வகுத்தது.

புகார் நகரத் துறையில் சுங்க அதிகாரிகள் சோழனின் புலி இலச்சினை இட்டுச் சரக்கைக் காத்தமையைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பல நாட்டார் கூடி வாழ்ந்த அந்நகரின் காட்சியும் அதில் உண்டு. புகார் மரபில் வந்தோர்க்கு மலாக்காத் துறை புதுமையாகத் தோன்றியிராது.

இரு கரை நகரம்

ஆற்றின் தென்கரையில் குன்றும் அதன்மேல் அரண்மனையும் இருந்தன. வடகரையில் உப்பே எனப்பட்ட வணிகர் புறநகர் இருந்தது. தமிழ் வணிகரும் சாவகரும் அங்கே பெருந்தொகையாக வாழ்ந்தனர். பழவேற்காட்டிலிருந்தும் சோழமண்டலக் கரையின் பிற துறைகளிலிருந்தும் சென்ற பருத்தித் துணிக்குக் கீழைத் தீவுகளில் பெருவிருப்பு இருந்தது. அத்துணியைக் கொடுத்துக் கிராம்பும் சாதிக்காயும் சாதிபத்திரியும் பெற்றனர். சீனப் பட்டும் பீங்கானும், இந்நாட்டு வெள்ளீயமும், சுமத்திராப் பொன்னும் கற்பூரமும் அங்கே கைமாறின.

சரக்கோடு சொல்லும் கைமாறியது. மலாய்மொழியில் ‘கப்பால்’ என்றால் கப்பல். ‘கெடாய்’ என்றால் கடை. ‘பெத்தி’ என்றால் பெட்டி. ‘காவால்’ என்றால் காவல். வாணிகத்தில் இடும் முதலை மலாயர் இன்றும் ‘மோடால்’ என்றே வழங்குகின்றனர். இச்சொற்களின் தன்மையை நோக்கினால், அவற்றைக் கொண்டு சென்றவர் எத்தொழிலினர் என்பது விளங்கும். புலவரோ படைவீரரோ அல்லர். கப்பலில் வந்து கடை வைத்தவரே அவர்.

ஒரு வழக்கின் விளைவு

தமிழர் செல்வாக்கு துறையோடு நிற்கவில்லை, அரண்மனையையும் எட்டியது. மலாய் மக்களின் பழம்பெரு வரலாற்று நூலாகிய ‘செஜாரா மெலாயு’, தென்னிந்தியாவிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவரைக் குறிப்பிடுகிறது. அவர் மரபில் வந்த துன் அலி மலாக்காவில் பெரும் பதவி வகித்தார். அக்குடிப் பெண்ணின் மகனாகிய ராஜா காசிம், 1446 அளவில் முசாபர் ஷா என்ற பெயரோடு சுல்தான் ஆனார். துன் அலியின் மகன் துன் முத்தாகிர் பின்னாளில் பெண்டகாரா ஆனார். பெண்டகாரா என்பது முதலமைச்சரைக் குறிக்கும் பட்டம். பண்டாரம் என்னும் சொல்லோடு உறவுடையது.

இத்துணை உயர்ந்த நிலையில்தான் வீழ்ச்சியின் வித்தும் விழுந்தது. செஜாரா மெலாயு அதனை விரிவாகக் கூறுகிறது. வணிகர் தலைவனாகிய நைனா சூரதேவனாவுக்கும், துறைத்தலைவனாகிய ராஜா முதலியாருக்கும் ஒரு வழக்கு மூண்டது. இருவரும் பெண்டகாராவின் அவைக்குச் சென்றனர். பொழுது சாய்ந்தமையால் மறுநாள் வருமாறு அவர் கூறினார். அன்றிரவே நைனா சூரதேவனா பொன்னை எடுத்துச் சென்று பெண்டகாராவுக்குக் காணிக்கையாகக் கொடுத்தான். அவரும் பெற்றுக் கொண்டார்.

கித்தூல் என்பவன் நைனா சூரதேவனாவின் உறவினன். ராஜா முதலியாருக்கு ஒரு காத்தி பொன் கடன்பட்டவன். அவன் இரவோடிரவாகக் கடன் கொடுத்தவனிடம் ஓடி, அப்பொன் அவன் உயிரை வாங்கக் கொடுத்த பொன் என்று சொன்னான். அச்சொல்லுக்கு விலையாகக் கித்தூலின் கடன் தள்ளுபடி ஆயிற்று. அஞ்சிய ராஜா முதலியார், இலட்சுமணா என்ற பட்டம் தாங்கிய கடற்படைத் தலைவரிடம் பொருளோடு சென்று, பெண்டகாரா அரசைக் கவர எண்ணுகிறார் என்று பழி கூறினான். முன்னரே பெண்டகாராவிடம் மனக்கசப்புக் கொண்டிருந்த சுல்தான் மகமூது ஷா அப்பழியை ஆராயவில்லை. 1510இல் துன் முத்தாகிரும் அவர் குடும்பத்தாரும் கொல்லப்பட்டனர். எதிர்க்கும் வலிமை இருந்தும் பெண்டகாரா எதிர்க்கவில்லை என்று அந்நூல் கூறுகிறது. பின்னர் உண்மை வெளிப்பட்டது. பொய் சொன்னோர் தண்டிக்கப்பட்டனர். ஆனால் மாண்டவர் மீளவில்லை.

இவ்வரலாற்றைத் தமிழர் பெருமை பேசும் நூல்கள் பலவும் விரைந்து கடந்து செல்லும். கடந்து செல்லுதல் முறையன்று. விலை மதிக்கும் அவையில் பிறர் நம்பிய நடுநிலை, தம்முள் எழுந்த வழக்கில் இல்லாமற் போயிற்று. கையுறை கொடுத்தவன், பெற்றவன், பொய் உரைத்தவன், ஆராயாது ஆணையிட்டவன் என நால்வர் பிழையும் அங்கே கூடின. பீரங்கியே மலாக்காவை வீழ்த்தியது என்பது உண்மையே. எனினும் பீரங்கி வருமுன்னரே அதன் அவை தளர்ந்திருந்தது.

பாலம் வீழ்ந்தது

1509இல் முதன்முதல் வந்த போர்ச்சுகீசியருள் சிலர் மலாக்காவில் சிறைப்பட்டிருந்தனர். அவர்களை மீட்பதாகக் கூறி 1511இல் அல்புகர்க் படையோடு வந்தார். வணிகர் கூடிய பாலமே போர்க்களம் ஆயிற்று. இரு கரைக்கும் உயிர்நாடி அதுவே என்பதை உணர்ந்த அல்புகர்க், சூலைத் திங்களில் ஒருமுறையும் ஆகத்துத் திங்களில் மறுமுறையும் அதனைத் தாக்கி வென்றார். நகரம் அவர் வசமாயிற்று.

சிறைப்பட்ட போர்ச்சுகீசியர்க்கு உதவியவர் நைனா சாத்து என்ற தமிழ் வணிகர். நைனா என்பது நயினார் என்ற மரியாதைச் சொல்லின் திரிபு என்பர். வென்றவர்கள் அவருக்குப் பெண்டகாரா பதவி அளித்தனர். ஆயினும் 1514இல் அப்பதவியைப் பறித்துக் கம்பார் நாட்டு அரசருக்குக் கொடுத்தனர். அவமானம் பொறாத நைனா சாத்து தீமூட்டி அதில் தம்மை மாய்த்துக் கொண்டார் என்று போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். பதவி தந்தவர்க்கே பறிக்கும் உரிமையும் உண்டு என்பதை அவர் காலம் கடந்து உணர்ந்தார் போலும்.

சுல்தான் மகமூது ஷா பகாங் சென்று, பிந்தான் தீவில் தங்கி, 1528இல் கம்பாரில் உயிர் துறந்தார். அவர் மகன் அலாவுதீன் ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய அரசை நிறுவினார். ஜொகூர் லாமா என்ற அதன் தலைநகரைப் போர்ச்சுகீசியர் 1587இல் அழித்தனர். ஆயினும் ஜொகூர் அழியவில்லை. டச்சுக்காரரோடு கூடி, 1641 சனவரித் திங்களில் போர்ச்சுகீசியரை மலாக்காவிலிருந்து வெளியேற்றுவதில் அது பங்கு கொண்டது.

தெருவில் நின்ற ஒற்றுமை

டச்சுக்காரர் காலத்தில் மலாக்கா பழைய பேரங்காடியாக இருக்கவில்லை. எனினும் பல இனத்தார் அருகருகே வாழும் வழக்கம் தொடர்ந்தது. பொற்கொல்லர் தெருவில் 1748இல் கம்போங் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. டச்சு அரசு அளித்த நிலத்தில் 1781இல் அதே தெருவில் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது. அத்தெருவை அடுத்தே 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் என்ற சீனர் கோயில் உள்ளது. தொழுகை அழைப்பும் கோயில் மணியும் ஊதுவத்திப் புகையும் ஒரே வீதியில் கலப்பதை இன்றும் காணலாம். 2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் உலக மரபுச்செல்வப் பட்டியலில் மலாக்கா, பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு இடம் பெற்றது.

அக்கோயிலை எழுப்பியோர் மலாக்காச் செட்டிகள். பழைய தமிழ் வணிகரின் வழிவந்த இவர்கள், 19ஆம் நூற்றாண்டில் வட்டித்தொழிலுக்காக வந்த நகரத்தாரின் வேறானவர். முன்னோர் தனித்து வந்து இந்நாட்டுப் பெண்டிரை மணந்தமையால், தாயின் மொழியாகிய மலாயே வீட்டு மொழியாயிற்று. பெண்டிர் கெபாயாவும் சாரோங்கும் அணிந்தனர். ஆயினும் சைவ நெறியை இவர்கள் விடவில்லை. காஜா பேராங் பகுதியில் 1822இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயிலில் இன்றும் ஆண்டுவிழா எடுக்கின்றனர். போகி நாளில் வாழையிலையிட்டு முன்னோர்க்குப் படைக்கின்றனர். பொங்கல் நின்றது, கோயில் நின்றது, தமிழ்ப்பேச்சு மட்டும் நிற்கவில்லை.

தமிழ் கற்ற பிள்ளைகள்

தமிழ் அங்கே வேரூன்றவே இல்லையோ எனச் சிலர் ஐயுறலாம். அவ்வாறன்று என்பதற்கு முன்ஷி அப்துல்லாவே சான்று. நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடியாகிய அவர் 1796இல் மலாக்காவில் பிறந்தார். அவர் முன்னோருள் ஒருவர் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து மணம் புரிந்தவர். அவர் வழியினரே பின்னர் மலாக்காவில் குடியேறினர். தம் வாழ்க்கையைக் கூறும் ‘ஹிக்காயத் அப்துல்லா’ என்ற நூலில், தந்தை தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதை அப்துல்லா குறிப்பிடுகிறார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது மலாக்காவில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் என்றும், கணக்கு எழுதவும் வணிகரோடு உரையாடவும் அது பயன்பட்டது என்றும் அவர் காரணம் கூறுகிறார்.

1800ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில்கூட மலாக்காவின் கணக்குமொழிகளுள் ஒன்றாகத் தமிழ் வாழ்ந்தது. பிறரும் தேவை கருதி அதனைக் கற்றனர். ஆனால் தேவையை மட்டும் நம்பி நின்ற மொழி, தேவை மாறியதும் தளர்ந்தது. 1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் துறைகளாக எழுந்தன. வாணிகம் அங்கே சென்றது; கணக்கரும் சென்றனர். கணக்கு நீங்கியதும் கடையில் இருந்த தமிழ் நீங்கிற்று. வீட்டிலோ அது முன்னரே இல்லை. பிள்ளைகள் யாவருக்கும் அதனைக் கற்பிக்கும் நிலையான பள்ளியும் இல்லை.

இதற்கு மாறான காட்சியைத் தோட்டப்புறம் காட்டியது. ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் முதல் இல்லாதவர், பதவி அறியாதவர். ஆனால் குடும்பமாக வாழ்ந்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அத்தாப்புக் கூரையின் கீழ், ஓராசிரியர் பல வகுப்பையும் நடத்திய அப்பள்ளிகளில் குறை பல இருந்தன. எனினும் மொழி வாழ்ந்தது. 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து எண்ணினால், 200 ஆண்டுகள் கடந்து இன்று மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மலாக்காவின் செல்வர் இழந்த மொழியைத் தோட்டத்து எளியோர் காத்தனர்.

இதனால் மலாக்காச் செட்டிகளைக் குறைகூறுதல் பொருந்தாது. தமிழகத்தோடு தொடர்பற்ற நிலையிலும் நூற்றாண்டுகளாகத் தெய்வத்தையும் முன்னோரையும் மறவாத அவர்கள் உறுதி போற்றத் தக்கது. பிற இனத்தாரோடு கலந்தமையே மொழியிழப்புக்குக் காரணம் எனக் கூறுவதும் தவறு. கலந்து வாழ்ந்தபோதே தமிழ் அத்துறையில் உயர்ந்து நின்றது. அயலார் அதனைக் கற்றதும் அக்காலத்திலேயே. கலப்பு தமிழை அழிக்கவில்லை. கற்பிப்பார் இன்மையே அதனை மெலிவித்தது.

மலாக்கா ஆறு இன்றும் நகரின் நடுவே ஓடுகிறது. பெருங்கலங்கள் அதனை நாடுவதில்லை, உலாப்படகுகளே செல்கின்றன. கப்பல்கள் இன்று பூலாய் ஆற்றுமுகத்திற்கும் பாசிர் கூடாங்கிற்கும் வருகின்றன. துறைகள் இடம் மாறும், வாணிகமும் கைமாறும். நேர்மையான அளவையால் ஓர் இனம் பிறர் நம்பிக்கையைப் பெறும் என்பதையும், பிள்ளைக்குக் கற்பித்த மொழியே தலைமுறை தாண்டி நிற்கும் என்பதையும் அந்தச் சிற்றாற்றின் கரை இன்றும் நினைவூட்டுகிறது.